பாக்கி

காந்தி ரோட்டில், வங்காள எழுத்துப் பலகைகளுக்கு மேலே,
ஸ்கேன் சென்டரின் இரண்டாம் மாடியில்
என் பட்டறை.
லிஃப்டில் மாடி தவறி வருகிறவர்கள்
கதவைத் தட்டிக் கேட்பார்கள்:
ரிசல்ட் இங்கதானே?
இல்லை என்பேன். இங்கே கிடார்.

ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து
பெரில் ஹாரிஸ் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தது
சின்ன உடம்பு. இன்றைய கிடாரில் முக்கால்.
ஜெர்மன் ஊர் ஏதோ ஒன்றின் பெயர் போட்ட லேபிளில்
பூச்சி தின்றது போக மீதி இரண்டு எழுத்து.
ஒலித்துளையைச் சுற்றிய சிப்பிச் சில்லில் ஐந்து இல்லை.
மாப்பிள்ளை கனடாவிலிருந்து வரான்,
பளபளன்னு இருக்கணும் என்றார்.
பளபளப்புக்குக் கடை வேறே.
சொல்லவில்லை; ரசீது எழுதினேன்.

மே மாதம். வெளியே நூற்றுப்பத்து டிகிரி.
பாலாற்றின் ஈரம் லாரியேறிப் போய்விட்டது,
மரத்தின் ஈரத்தையாவது பிடித்துவைக்க வேண்டும்.
சோப்பு டப்பாவில் துளை போட்டு
நனைத்த பஞ்சு அடைத்து
வயிற்றுக்குள் இறக்கிப் பெட்டியை மூடினேன்.
பதினோரு நாள்.
விரிசல் தானாகவே நெருங்கி வந்தது,
ஒரு மயிரிழை விட்டு நின்றது.

தந்தி கட்டும் குதிரையடியில் யாரோ அரால்டைட்.
எண்பதுகளில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் பூசினார்கள்,
செருப்புக்கும், கண்ணாடிக் காதுக்கும்.
இனி ஒருவனும் இதைத் திறக்கப்போவதில்லை
என்று நினைத்து ஒட்டுகிறவன்மேல்தான் எனக்குக் கோபம்.
ராணிப்பேட்டைத் தோல்கழிவில் காய்ச்சிய வஜ்ஜிரம்
மூக்கைப் பிடுங்கும்,
ஆனால் வெந்நீர் வந்து கேட்டால்
விட்டுக்கொடுக்கும்.

பல் டாக்டரிடம் வாங்கிய குட்டிக் கண்ணாடியை
உள்ளே விட்டுத் திருப்பினேன்.
மேல்பலகையின் அடியில் ஓர் ஒட்டு.
தேயிலைப் பெட்டிப் பலகை, நார் குறுக்கே ஓடுகிறது.
பாடப்படி தப்பு. பிரித்தெடுக்கச் சூடு போட்டுக்கொண்டிருந்தேன்.
பென்சிலில், கண்ணாடிக்குள் தலைகீழாக:

*ஓட்டை அடைச்சது ரா. தேசிங்கு, ஷெட்டு தச்சன்.
கூலி ஒண்ணேகால் ரூபா.
தொரை இன்னும் குடுக்கல.*

அடுப்பை அணைத்தேன்.
தப்பான நார் எண்பது வருஷம்
இழுவையைத் தாங்கியிருக்கிறது,
கூலி வாங்காமல்.

பெரிலுக்கு எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வரும்.
கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படித்தார்,
"தொரை"யில் நின்றார்.
எங்க தாத்தா இல்ல மேன், என்றார் வேகமாக.
அவர் இதை ஏலத்துல எடுத்தார்.
நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

மெலிந்த நரம்புகள், சுருதி ஒரு கட்டை கீழே.
அதற்குமேல் இழுத்தால் தேசிங்கு பொறுப்பல்ல.
சில்லு போன ஐந்து குழியையும் அப்படியே விட்டேன்,
தூசி தட்டி.
பெரில் மடியில் வைத்து
ஏதோ வால்ட்ஸில் பாதி வாசித்தார், மீதி மறந்துபோச்சு.
வாசலில் ஒருவர் பெரிய பழுப்பு உறையோடு நின்றிருந்தார்.
எத்தனாவது மாடி என்று கேட்காமல்.

பில்: பதினெட்டாயிரத்து ஒன்றேகால்.
கால் எதுக்கு?
பழைய பாக்கி.
யார்கிட்ட கொடுப்பே?
தெரியலை.
பளபளப்பு இல்லாத மேல்பலகையை
ஒருமுறை விரலால் தடவிவிட்டு,
பெரில் பர்ஸைத் துழாவினார்.
கால் ரூபாய் இப்போது எந்தக் கடையிலும் செல்லாது.
ரெண்டு ரூபாய்க் காசொன்றை
வஜ்ஜிர டப்பாவின் மூடிமேல் வைத்தார்.
சில்லறை இருக்கட்டும், என்று படியிறங்கினார்.

காசு மூடியோடு ஒட்டிக்கொண்டது.
தேசிங்குக்கு ஒன்றேகால் போக
முக்கால் ரூபாய்,
இப்போது
நான் பாக்கி.